பத்தாம் வகுப்பும் கோ-கோவும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். தருமபுரி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், இந்த வருடம் பத்தாவது. ஏழாவதிலிருந்து கோ-கோ ஆடுகிறாள். போன வருடம் அவர்கள் அணி குறுவட்டத்தில் ஜெயித்து மாவட்டப் போட்டி வரைக்கும் போனது. படிப்பிலும் மோசமில்லை. ஐநூறுக்கு முந்நூற்றைம்பதுக்குக் குறையாமல் எடுப்பாள்.

இந்த வருடம் விளையாட்டை நிறுத்திவிடலாம் என்று அவள் அப்பா சொல்கிறார். கணக்கு ஆசிரியரும் அதையேதான் சொன்னார். பி.டி. பீரியடைக்கூட இப்போது அவர்தான் எடுத்துக்கொள்கிறாராம். என் மாமியாருக்கு வேறு கவலை. வெயிலில் பிள்ளை கறுத்துவிட்டாள், வயதுக்கு வந்த பிள்ளை டவுசர் போட்டுக்கொண்டு ஓடுகிறாள், நாலு பேர் பேசுகிறார்கள் என்கிறார். போட்டிக்குப் போனால் திரும்பி வர ராத்திரி எட்டு மணி ஆகிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் ஒன்பதாவதோடு நின்றவள், எனக்கு எது சரி என்று தெரியவில்லை.

பி.டி. மிஸ் சம்மதக் கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நாலு நாளாக என் மகள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சின்னவன் எட்டாவது. அவன் வானவில் மன்றம், கலைத் திருவிழா என்று சுற்றுகிறான். இதெல்லாம் தேவையா? நீங்கள் பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடியதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் படித்தபோது பத்தாம் வகுப்புப் பரீட்சைதான் கண்ணில் பட்டது. மூன்றாவது முறை படிக்கையில், பரீட்சை பற்றி இரண்டு வரியும், கறுத்துப்போவது, டவுசர், ராத்திரி எட்டு மணி, நாலு பேர் பேச்சு இவற்றைப் பற்றி அதைவிட அதிகமாகவும் எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிந்தது. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பேசுவோம்.

முதலில் என் கதை. எட்டாவது, ஒன்பதாவது இரண்டு வருடமும் எங்கள் பள்ளி அணியில் நான் உண்டு. உட்காரும் வரிசையில் நாலாவது கட்டம் என்னுடையது. பத்தாவது தொடங்கியதும் அப்பா போதும் என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. மாலையில் மற்றவர்கள் மைதானத்தில் இருக்கும்போது நான் வீட்டில் ஜன்னலோரம் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். எங்கள் வீடு பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, விசில் சத்தம் நன்றாகக் கேட்கும். எந்த விசில் ஃபவுலுக்கு, எது ஆட்டம் முடிந்ததற்கு என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் படித்தது மிகவும் குறைவு. ஒன்பதாவதில் எந்த இடத்தில் இருந்தேனோ பத்தாவதிலும் அதே இடத்தில்தான் வந்தேன். பதினொன்றாவதில் மறுபடி ஆடப் போகலாம் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. என் கட்டத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள், எனக்கும் கூச்சம் வந்துவிட்டது.

என் தம்பி வாலிபால் ஆடுவான். அவன் பத்தாவது படித்த வருடமும் ஆடினான், பன்னிரண்டாவதிலும் ஆடினான். நிறுத்து என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா என்மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனாலும் அவருக்கு அது தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பரீட்சை இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது, நிறுத்தியது ஒருத்தியை மட்டும்தான். உங்கள் மகனும் இரண்டு வருடத்தில் பத்தாவது வருவான். அவன் கிரிக்கெட் மட்டையை அன்றைக்கு யாராவது பிடுங்கி வைப்பார்களா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சண்டைக்குக் கேட்க வேண்டாம். அவரும் யோசிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு கணக்கெடுத்து 2019-இல் வெளியிட்டது. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் அளவு. 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் அந்த அளவுக்கு அசைவதே இல்லை. பையன்களில் 78, பெண் பிள்ளைகளில் 85. உங்கள் மகள் அந்த மிச்சப் பதினைந்தில் ஒருத்தி. அவளைக் கொண்டுபோய் எண்பத்தைந்தில் சேர்க்கத்தான் எல்லோரும் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, பரீட்சைக்கு வருவோம். குறுவட்டப் போட்டிகள் வழக்கமாகக் கல்வியாண்டின் முற்பாதியிலேயே வந்துவிடும். அதில் ஜெயித்தால் மாவட்டம், அங்கேயும் ஜெயித்தால் மாநிலம். மாநிலம் வரை போனாலும் பொதுத்தேர்வுக்கு முன்னால் முடிந்துவிடும். ஆக, பரீட்சை நெருங்கும் மாதங்களில் அவளை மைதானம் தானாகவே விட்டுவிடும். இப்போது போவது காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் இருக்குமா? அதில் மாலைப் பயிற்சியை மட்டும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். காலைப் பயிற்சியைத் தொடாதீர்கள். காலையில் ஓடிவிட்டு வந்த உடம்பு ராத்திரி பத்து மணிக்குத் தானாகத் தூங்கும். நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளைக்குப் படித்தது மனதில் நிற்கும்.

கணக்கு ஆசிரியர் நல்ல எண்ணத்தில்தான் அந்த பீரியடை எடுக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளைகள் தோற்றால் அவரைத்தான் கேட்பார்கள். ஆனால் வாரத்தில் இரண்டு பீரியடுதான் விளையாட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையும் எடுத்துக்கொண்டால் அணியில் இல்லாத பிள்ளைகள் எப்போது ஓடுவார்கள்? உங்கள் மகளுக்குக் காலையும் மாலையும் உண்டு. அவள் வகுப்பில் இருக்கும் மற்ற நாற்பது பேருக்கு அந்த இரண்டு பீரியட் மட்டும்தான். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணையிலேயே சொல்கிறது. ஆறாவது முதல் எட்டாவது வரை படிப்பவர்கள் நூறு பேருக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. அதை ஒட்டித்தான் 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம் என்று தொடங்கியது. அவர்களில் எத்தனையோ பேர் சம்பளம் கிடைக்காத நேரத்திலும் மைதானத்தில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பி.டி. மிஸ் நிரந்தரமா பகுதிநேரமா எனக்குத் தெரியாது. எதுவானாலும், ஆறரை மணிக்கு விசிலோடு வந்து நிற்கும் ஒரு பெண் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறார். அவரை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்.

இப்போது நாலு பேர்.

போன வருடம் ஒரு குறுவட்டப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். ஆட்டத்துக்கு முன் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தி முன்னாலிருப்பவளுக்கு, அவள் அடுத்தவளுக்கு என்று இரட்டைச் சடையை மடித்துக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு போட்ட தரை, இரண்டு பக்கமும் கம்பம். பாதிப் பேர் வெறுங்கால். நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்த ஒரு அம்மா, தலையில் துண்டோடு, கேட்டுக்கு வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன், இங்கேயே தெரியுது என்றார்.

அவர் மகள் ஓடும் அணியின் முதல் மூவரில் ஒருத்தி. மற்ற இருவரும் சீக்கிரம் அவுட் ஆனார்கள். இவள் நின்றாள். உங்கள் மகள் சொல்லியிருப்பாள், துரத்துகிறவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டால் கம்பம் வரை அதே பக்கம்தான் போக வேண்டும். ஓடுகிறவளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்தச் சின்னப் பெண் அதை வைத்துத்தான் ஆடினாள். உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரும் மாறி மாறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு இடையில் நுழைந்து நுழைந்து போனாள். கை முதுகுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வரும், அவள் அந்தப் பக்கம் போயிருப்பாள். துரத்துகிறவள் உட்கார்ந்திருப்பவளை முதுகில் தட்டி, இனி நீ துரத்து என்று எழுப்பிவிடும் "கோ" சத்தம் மேலும் மேலும் வேகமாக வந்தது. கடைசியில் ஒருத்தி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து தொட்டாள், இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். எழுந்து பார்த்தால் தொட்டவளுக்கு முழங்கையில் ரத்தம். தொடப்பட்டவள்தான் அதைத் துடைத்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா கேட்டுக்கு உள்ளே வந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்களிடம், அது என் பொண்ணு, அது என் பொண்ணு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் இதுவரை உங்கள் மகள் ஆடிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் எங்கேயும் அது இல்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பேசுகிற நாலு பேரில் ஒருவராவது அவர் தெருக்காரராகத்தான் இருப்பார், அவருக்குப் பதில் சொல்லப் பாட்டியைவிட நல்ல ஆள் கிடையாது. மதுரைப் பக்கத்து ரேவதி வீரமணியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா அம்மா இருவரையும் சின்ன வயதிலேயே இழந்தவர், கூலி வேலை செய்த பாட்டி வளர்த்தார். பள்ளிப் போட்டியில் அவர் வெறுங்காலில் ஓடியதைப் பார்த்த பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து கேட்டபோது பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு சம்மதித்தார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார் ரேவதி. உங்கள் மகள் ஒலிம்பிக் போவாள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கோ-கோ இன்னும் ஒலிம்பிக்கில் இல்லை. 2025 ஜனவரியில்தான் டெல்லியில் அதற்கு முதல் உலகக் கோப்பையே நடந்தது, பெண்கள் இறுதி ஆட்டத்தில் இந்தியா நேபாளத்தை 78-40 என்று ஜெயித்தது. ரேவதியைப் பற்றிச் சொல்வது அந்தப் பாட்டிக்காக. உங்களுக்கு இருக்கும் பயமெல்லாம் அவருக்கும் இருந்திருக்கும்.

டவுசர் பிரச்சினைக்கு ஒரே ஒரு வார்த்தை. முழங்கால் வரை வரும் லெக்கிங்ஸை உள்ளே போட்டுக்கொண்டு மேலே டவுசர் போடும் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. தரையில் விழும்போது தோல் உரியாமலும் இருக்கும். மகளிடம் கேளுங்கள், அவளுக்கு எது வசதியோ அதைப் போடட்டும். கறுத்துப்போவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, வெயிலில் நின்றால் கறுக்கத்தான் செய்யும்.

ராத்திரி எட்டு மணி பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். பி.டி. மிஸ்ஸிடம் இதையெல்லாம் கேளுங்கள்: கூடப் போகிற பெண் ஆசிரியர் யார், எந்த வண்டியில் போகிறார்கள், ஆட்டம் இருக்கிற இடத்தில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் உண்டா, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுவார்களா வீட்டு வாசலிலா. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அணியிலுள்ள மற்ற அம்மாக்களோடு சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. இரண்டு பேர் முறை வைத்துக் கூடவே போய்வரலாம்.

அப்புறம் சாப்பாடு. காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். ராத்திரியே வேர்க்கடலை ஒரு கைப்பிடி ஊற வையுங்கள், அதோடு ஒரு வாழைப்பழம் போதும். வந்ததும் முட்டையோ முளைகட்டிய பயறோ. பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் துப்பாமல் விழுங்குகிறாளா என்று பாருங்கள், துப்புகிற பிள்ளைகள்தான் அதிகம். ஓடும்போது மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு நாட்களில் ஆடக் கூடாது என்று மருத்துவத்தில் எந்தத் தடையும் இல்லை. வலி அதிகமிருந்தால் மட்டும் உட்காரட்டும்.

சின்னவனைப் பற்றிக் கேட்டீர்கள். சுற்றட்டும். வானவில் மன்றம் 2022-இல் தொடங்கியது, ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து பார்ப்பதற்காக. எட்டாவதோடு அது அவனுக்கு முடிந்துவிடும், இருக்கிற நாளில் அனுபவிக்கட்டும்.

நாலு நாளாக மகள் சரியாகப் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் எனக்கு மனதில் தங்கிவிட்டது. நான் அப்பாவிடம் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை, இப்போது கேட்க அவர் இல்லை. உங்கள் மகள் கோபத்தைக் காட்டவாவது செய்கிறாள். இன்று ராத்திரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீ எந்தக் கட்டத்தில் உட்காருவாய் என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவளே சொல்வாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். குறுவட்டம் எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று தெரிந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
அக்கா