சிம் ரேஸிங்கில் (கணினியில் ஓட்டும் கார் பந்தயம்) முன்சக்கர இழுவை டூரிங் கார் வளைவில் நுழையும்போது சுழல்கிறது, வெளியேறும்போது திரும்ப மறுக்கிறது. செட்டப்பில் எதை மாற்றுவது?

கேள்வியில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. டிசிஆர் காரில் (சாலையில் ஓடும் காரைப் பந்தயத்துக்கு மாற்றிய டூரிங் கார் வகை) பிரேக் பிடித்து வளைவுக்குள் போனால் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகிறது. வெளியே வரும்போது த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கொடுத்தால் மூக்கு வெளிப்பக்கமாகவே தள்ளுகிறது. சுழல்கிறதே என்று முதல் வேலையாகப் பின்பக்க ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) தளர்த்துவதுதான் வழக்கமான தவறு. சுழல்வது குறையும், உண்மைதான். ஆனால் இரண்டாவது புகார் இரட்டிப்பாகும், ஐந்தாறு சுற்றிலேயே முன் டயர்கள் வெந்துபோகும்.

காரணம் காரின் அமைப்பிலேயே இருக்கிறது. 2 லிட்டர் டர்போ எஞ்சினின் சுமார் 350 குதிரைத்திறன் முழுக்க முன் டயர்கள் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. திரும்புவதும் அவைதான், பிரேக்கில் பெரும்பங்கும் அவற்றுடையதே. எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. பின் டயர்கள் கல்யாண வீட்டுக்குச் சாப்பிட மட்டும் வந்தவர்கள் மாதிரி. வேலையே இல்லாததால் சூடாவதில்லை. முன்பக்கச் சுமையில் கொஞ்சத்தைப் பின்பக்கத்தின் தலையில் கட்டுவதுதான் இந்தக் காரில் செட்டப்பின் முழு வேலை.

அதனால் திருகாணியைத் தொடும் முன் டயர் வெப்பத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் இண்டி தடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வளைவு பேடக் ஹில் வலது, அடுத்த ட்ரூயிட்ஸும் வலது. இரண்டிலும் இடப்பக்க டயர்கள்தான் உழைக்கின்றன. பிறகு இறக்கத்தில் வரும் கிரகாம் ஹில் இடது வளைவில்தான் வலது பின் டயருக்கு முதல் வேலை. அதுவரை அது பச்சைத் தண்ணீராக இருக்கும். முதல் இரண்டு சுற்றுகளில் மட்டும் அங்கே சுழன்றால் செட்டப்பில் குற்றமில்லை. அந்தச் சுற்றுகளுக்கு மட்டும் பிரேக் பயாஸை (முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிடும் அளவு) 1.5 முதல் 2 சதவீதம் முன்னே தள்ளி ஓட்டி, பின் டயர் சூடானதும் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். நான்காவது சுற்றுக்குப் பிறகும் சுழன்றால்தான் கராஜுக்குப் போக வேண்டும்.

ஓட்டும் முறையும் இதில் பாதி. பேடக் ஹில்லில் தரை திடீரென்று கீழே இறங்குகிறது. அங்கே பயந்து த்ராட்டிலிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முழுக்க முன்னால் போய்விடும், பின்பக்கம் காற்றாகிவிடும். நேர்கோட்டில் பிரேக்கை முடித்து, வளைவுக்குள் 10 முதல் 20 சதவீத த்ராட்டிலைப் பிடித்தபடி இருங்கள். பின்பக்கம் போக ஆரம்பித்தால் பிரேக்கைத் தொடவே கூடாது. போக வேண்டிய திசைக்கு ஸ்டீயரிங்கைக் காட்டி த்ராட்டில் கொடுங்கள். முன் சக்கரங்கள் காரை இழுத்து நேராக்கிவிடும். பின்சக்கரக் காரிலிருந்து வருபவர்களுக்கு இந்த ஒன்று பழக ஒரு வாரம் ஆகும், கால் கேட்காது.

இனி செட்டப். நுழையும்போது சுழல்வதற்கு முதலில் பிரேக் பயாஸ், 0.5 சதவீதப் படிகளில் முன்னே. கியர் குறைக்கும்போது எஞ்சின் பிரேக்கும் முன் சக்கரங்களில் மட்டுமே விழும் என்பதை நினைவில் வையுங்கள். அவசரமாக இரண்டு கியர் இறக்கினால் பயாஸ் இன்னும் முன்னே போனதற்குச் சமம். முன் டயர் பூட்டிக்கொண்டு கார் நேராகப் போகும். அடுத்தது பின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். டோ அவுட் (முன்விளிம்புகள் வெளிப்பக்கம் பார்ப்பது) இருந்தால் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும், பின் டயரும் கொஞ்சம் சூடாகும். ஆனால் நேர்கோட்டுப் பிரேக்கிலேயே பின்பக்கம் நெளியும். அப்படி நெளிந்தால் 0.05 டிகிரி வீதம் பூஜ்யத்தை நோக்கிக் குறையுங்கள்.

பின் ஸ்பிரிங்கும் பாரும் கடினமாகவே இருக்கட்டும். வளைவில் பின்பக்கம் விறைப்பாக நின்றால் எடை மாற்றத்தில் அதிகப் பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். உள் முன் சக்கரத்தில் எடை மிஞ்சும், அது வெறுமனே சுற்றாது. டூரிங் கார்கள் மூன்று காலில் நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது கோளாறு இல்லை, சரியாக அமைந்த காரின் அடையாளம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. உள் பின் சக்கரம் தரையை விட்டு எழுந்த பிறகு பின்பக்கத்திலிருந்து மாற்ற எடையே பாக்கி இல்லை. அதற்கு மேல் பாரைக் கடினமாக்கினால் சக்கரம் இன்னும் சீக்கிரம் தூக்கும், கர்ப் (தடத்தின் ஓர மேடு) மீது ஏறினால் கார் துள்ளும், அவ்வளவே. ரீப்ளேயில் அந்தச் சக்கரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெளியேறும்போது தள்ளுவதற்கு டிஃபரன்ஷியல்தான் (இரண்டு முன் சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் பாகம்) முக்கியம். பவர் பக்கத்தில் (த்ராட்டில் கொடுக்கும்போது) பூட்டு, அதாவது இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பிணைப்பது, கூடினால் விசை வெளிச் சக்கரத்துக்குப் போய் மூக்கை உள்ளே இழுக்கும். மிதமிஞ்சினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றி, இழுத்த மூக்கு மறுபடி வெளியே ஓடும். பூட்டை ரேம்ப் கோணமாக (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சரிவின் கோணம்) காட்டும் சிம்மில் சின்ன எண்ணுக்குத்தான் பூட்டு அதிகம். 60 டிகிரியை விட 40 இறுக்கம். சதவீதமாகக் காட்டினால் தலைகீழ். கோஸ்ட் பக்கம் பூட்டைக் கூட்டினால் காலை எடுக்கும்போது கார் அடங்கும். இரண்டு புகாருக்குமே கொஞ்சம் உதவுவது ப்ரீலோட் (விசை இல்லாதபோதும் இருக்கும் அடிப்படைப் பூட்டு): கூட்டினால் நுழைவு அமைதியாகும், வெளியேறும்போது உள் சக்கரம் வீணாகச் சுற்றுவது குறையும். விலை, வளைவின் நடுவில் கார் சற்று மந்தமாகும்.

முன் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) மைனஸ் 4 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பது சாதாரணம். வெப்பத்தில் டயரின் உள்விளிம்பு வெளிவிளிம்பை விட 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் கூட இருந்தால் போதும். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரேக்கிலும் த்ராட்டிலிலும் பிடி குறைகிறது என்று அர்த்தம். டேம்பரில் (ஷாக் அப்சார்பர்) முன் ரீபவுண்டையும் (விரிவதற்கான எதிர்ப்பு) பின் பம்ப்பையும் (அமுங்குவதற்கான எதிர்ப்பு) ஒரு படி கூட்டினால் த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு தூக்குவது தாமதமாகும். எடை மாற்றத்தின் வேகம்தான் குறையும், அளவு குறையாது. ட்ரூயிட்ஸ் மாதிரி கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் சக்கரம் சுற்றுகிறதா, மூன்றாவதைப் போட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங் கையில் லேசானால் இன்னும் திருப்பாதீர்கள், கொஞ்சம் நேராக்குங்கள். பிடி திரும்ப வரும்.

காற்றழுத்தத்தைக் குளிர்ந்த அளவில் ஒப்பிடுவது வீண். முன் டயரில் அழுத்தம் நிறைய ஏறும், பின்னால் கொஞ்சம்தான். ஆறு சுற்றுக்குப் பிறகு இரண்டும் அந்த சிம் சொல்லும் சூடான அளவுக்கு வரும்படி முன்பக்கத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். சோதனைகளைப் போட்டி எரிபொருளோடு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றமாக, ஐந்து சுற்று வீதம் செய்யுங்கள். இத்தனைக்கும் பிறகு பின்பக்கம் அடங்கவில்லை என்றால், அப்போது அந்தப் பின் பாரை ஒரே ஒரு படி தளர்த்தலாம்.