நாய் இருக்கும் வீட்டுக்கு லேமினேட்டா, அசல் மரமா?

ஹாலில் தொடங்கிச் சமையலறை வரைக்கும் ஒரே தரையாகப் போட வேண்டும், வீட்டில் பெரிய நாய் ஒன்றும் இருக்கிறது, லேமினேட்டா (மரம் மாதிரித் தெரியும் செயற்கைத் தரைப்பலகை) அசல் மரமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாய் நகத்துக்கு லேமினேட்தான். மேலே இருக்கும் மெலமைன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் பூச்சு அவ்வளவு லேசில் கீறாது, மரத்தில் ஒரே மாதத்தில் கோடு கோடாகத் தெரியும். ஆனால் மரத்தில் விழுந்த கீறலை இழைத்துவிட்டு மறுபடி பாலிஷ் போடலாம், 18 மி.மீ. கனமுள்ள பலகை இப்படிப் பல தடவை தாங்கும். லேமினேட்டில் அந்தப் பேச்சே இல்லை, மேல்பூச்சு தேய்ந்தால் பலகையையே மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம் தண்ணீர். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு அடியில் ராத்திரி முழுக்கச் சொட்டியதை யாரும் கவனிக்கவில்லை, காலையில் பார்த்தால் லேமினேட் பலகைகள் சேரும் இடமெல்லாம் உதடு மாதிரி வீங்கி நிற்கிறது. உள்ளே இருப்பது அழுத்திய மரநார், ஊறினால் பழைய நிலைக்கு வராது. (மரமும் தண்ணீருக்கு ஆகாது, காய்ந்தால் ஓரளவு படியும், அவ்வளவுதான்.) அதனால் சமையலறையில் டைல் போட்டுவிடுங்கள், ஒரே தரை என்ற ஆசையைச் சமையலறை வாசலோடு நிறுத்துங்கள்.

ஹாலுக்கு லேமினேட்டில் ஏசி4 (AC4, தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு) தரம் கேட்டு வாங்குங்கள். பலகைகளை 48 மணி நேரமாவது அந்த அறையிலேயே கிடத்தி வைக்கச் சொல்லுங்கள், சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடாமல் போடுகிறவர் என்றால் வேறு ஆள் பாருங்கள்.