சோலார் செல் செய்யும்போது, சிலிக்கான் நைட்ரைடு படலத்தைச் சூடாக்கியதும் வேஃபரின் (மெல்லிய சிலிக்கான் தகட்டின்) பின்பக்கம் கொப்புளம் வருகிறது. படலத்தில் குறையா, அடுப்பில் குறையா?

நீங்கள் ஆய்வு மாணவர், 'டெபாசிஷன் (படலம் படியவைப்பது) சரியில்லை' என்று கைடு ஒரே வரியில் முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். வேஃபர் உண்மையில் எத்தனை டிகிரிக்குப் போனது என்று பார்க்காமல் படலத்தைக் குறை சொல்லாதீர்கள்.

நைட்ரைடு சுமார் 400 டிகிரியில் படிகிறது, ஹைட்ரஜனையும் நிறையப் பிடித்து வைத்திருக்கிறது. ஃபயரிங் என்னும் சுடும் கட்டத்தில் வேஃபர் சில நொடிகள் 750–800 டிகிரியைத் தொடும்போது அந்த ஹைட்ரஜன் சிலிக்கானுக்குள் இறங்கி அதன் படிகக் குறைகளை அடைக்கிறது. மின்சாரத்தை எடுக்க அச்சிட்ட வெள்ளிப் பேஸ்ட் நைட்ரைடைத் துளைத்து சிலிக்கானைத் தொடுவதும் அதே நொடிகளில்தான். பின்பக்கம் நைட்ரைடுக்கு அடியில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) அடுக்கு இருந்தால், வெளியேற வழியில்லாத ஹைட்ரஜன் அங்கே சேர்ந்து படலத்தை அப்பளம் போல உப்ப வைக்கும்.

நான் ஒரு பெர்க் (PERC, பின்பக்கத்திலும் இப்படிப் படலம் போட்ட சோலார் செல்) தயாரிப்பு லைனில் வேலை பார்த்தேன். ஒருமுறை கொப்புளம் திடீரென்று அதிகமானது. மீட்டிங்கில் எல்லாரும் படலம் போடும் பிரிவைத்தான் கை காட்டினார்கள், ஏனென்றால் அடுப்பின் திரையில் எண்கள் எப்போதும் போலவே இருந்தன. நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர் மட்டும், பராமரிப்பு முடிந்ததிலிருந்து அடுப்பைச் சூடாக்கும் விளக்குகள் வழக்கத்தைவிட அதிக பவர் இழுக்கின்றன என்று என்னிடம் சொன்னார். உற்பத்தி நிற்கும் என்ற எதிர்ப்பை மீறி, தெர்மோகப்பிள் என்னும் வெப்பம் அளக்கும் கம்பி பொருத்திய வேஃபரை அடுப்பின் பெல்ட்டில் அனுப்ப வைத்தேன். உச்ச வெப்பம் இருக்கவேண்டியதைவிட நன்றாகவே மேலே இருந்தது. அடுப்புக்குள் இருந்த சென்சாரை இடம் மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். அது குறைத்துக் காட்டியதால் விளக்குகள் கூடுதலாக எரிந்திருக்கின்றன. சென்சாரைப் பழைய இடத்தில் வைத்ததும் கொப்புளம் அடங்கியது.

அலுமினா தடித்தாலும் கொப்புளம் வருமே என்று சிலர் கேட்பார்கள். வரும், நான் மறுக்கவில்லை. நைட்ரைடால் மூடுவதற்கு முன்பே ஒருமுறை சூடாக்கி வாயுவை வெளியேற்றுவதும் உதவும். எங்கள் அலுமினாவின் தடிமன் மாறவில்லை என்று எலிப்சோமீட்டர் (படலத் தடிமனை ஒளியால் அளக்கும் கருவி) காட்டிய பிறகுதான் நான் அடுப்பைச் சந்தேகப்பட்டேன். அப்புறம், ஹெட்டரோஜங்ஷன் என்னும் வேறு வகை செல்லுக்கு இதையெல்லாம் பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே படிக ஒழுங்கில்லாத அமார்ஃபஸ் சிலிக்கான் 200 டிகிரியை ஒட்டித்தான் தாங்கும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொப்புளம் பற்றி எழுதிய அறிக்கையில் ஆபரேட்டரின் பெயர் இல்லை. மீட்டிங்கில் வாய் திறக்காதவர்களின் பெயர்கள் இருந்தன. பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், 'டிப்ளமோ ஆட்களைப் போடுவதில்லை' என்றார்கள். இன்றும் எனக்கு ஆறவில்லை. பெர்க் வடிவம் 1989ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 22.8 சதவீத மின்மாற்றுத் திறனைத் தொட்டதை எல்லாப் பாடத்திலும் சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும். அதைத் தொழிற்சாலையில் இரவும் பகலும் ஓட வைப்பவர்களுக்கு ஒரு வரி கூடவா இடமில்லை?

சரி, உங்கள் விஷயம். வெறும் வேஃபர், பேஸ்ட் அச்சிட்ட வேஃபர் இரண்டுக்கும் தனித்தனியாக வெப்ப ப்ரொஃபைல் (நேரத்தோடு வெப்பம் ஏறி இறங்கும் வரைபடம்) எடுங்கள். பின்பக்கம் அலுமினியம் பூசியது வேறு மாதிரி சூடாகும். அந்த எண்களோடு அலுமினாவின் தடிமனையும் எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம்.