என் பெயரையாவது விட்டுவிடுங்கள்: 'தி குரூசிபிள்' பற்றிக் கேள்வி பதில்

ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்' நாடகத்தையும் அதிலிருந்து 1996-ல் வந்த படத்தையும் பல வருடங்களாக மாணவர்களோடு சேர்ந்து பார்த்து, படித்து வருகிறேன். சேலம் என்ற ஊரில் 1692-ல் பலரைச் சூனியக்காரர்கள் என்று சொல்லி விசாரித்துத் தண்டித்த கதை அது. என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மேடம், இந்த நாடகம் எனக்குப் பாடம். படத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாதும்மா. ஆனால் கட்டாயம் பாருங்கள். நிக்கோலஸ் ஹைட்னர் இயக்கிய படம் இது, திரைக்கதை மில்லரே எழுதியது. அதனால் வசனம் பெரும்பாலும் நாடகத்தில் இருப்பதுதான். தொடக்கம்தான் வேறு. நாடகத்தில் திரை விலகும்போது ஒரு சிறுமி அசைவில்லாமல் படுத்திருக்கிறாள், பக்கத்தில் அவளுடைய அப்பாவான பாதிரியார் பாரிஸ் மண்டியிட்டு ஜெபிக்கிறார். முந்தைய இரவு காட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் அதை மறுப்பார். ஊரே குழம்புகிற மாதிரி நாமும் குழம்புவோம். படமோ அந்த இரவிலிருந்தே தொடங்கிவிடுகிறது. பெண்கள் ஓடுகிறார்கள், ஆடுகிறார்கள், கோழி ரத்தம் தெறிக்கிறது. பார்க்க அழகான காட்சிதான். ஆனால் பேய் வரவில்லை என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே நமக்குத் தெரிந்துபோகிறது. அந்த ஒரு இடத்தில் படம் அவசரப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

சேலம் என்றால் நம்ம சேலமா அக்கா?

இல்லை தம்பி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் ஊர் அது, பைபிளில் வரும் பெயர். அதற்கு அருகில் இருந்த சேலம் கிராமத்தில்தான் எல்லாம் தொடங்கியது. இன்று அந்த இடத்தின் பெயர் டான்வர்ஸ்.

'குரூசிபிள்' என்ற தலைப்புக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

தங்கம் உருக்கும் பத்தர் வைத்திருப்பாரே, மூசை, அதுதான். கசடு பிரிந்து பொன் தனியாக நிற்கும்வரை அதை நெருப்பில் வைத்திருப்பார்கள். கதாநாயகனான ஜான் ப்ராக்டரை நான்கு அங்கத்துக்கு மில்லர் அதில்தான் வைத்திருக்கிறார்.

எவ்வளவு தூரம் நிஜம்? சூனியக்காரிகள் என்று சொல்லி உயிரோடு எரித்தார்களாமே?

எரிக்கவில்லை. அது ஐரோப்பாவில் பல இடங்களில் நடந்தது. சேலத்தில் 1692-ம் வருடம் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அதில் 14 பேர் பெண்கள், 5 பேர் ஆண்கள். கைல்ஸ் கோரி என்ற எண்பது வயது தாண்டிய விவசாயி விசாரணைக்கு உட்பட மறுத்தார். அவரைப் படுக்கவைத்து மேலே கல் அடுக்கியே கொன்றார்கள். சிறையிலேயே செத்தவர்களும் உண்டு.

மில்லர் மாற்றியவை நிறைய. நிஜ ப்ராக்டருக்கு அப்போது அறுபது வயது இருக்கும். எலிசபெத் அவருடைய மூன்றாவது மனைவி. நாடகத்தில் ப்ராக்டர் வீட்டில் வேலை செய்து, அவரோடு உறவு வைத்து, பிறகு மற்றவர்கள் மேல் சூனியப் பழி போடுகிறவள் அபிகேய்ல். நிஜ அபிகேய்லுக்கு வயது பதினொன்றுதான், மில்லர் அவளைப் பதினேழு ஆக்கினார். ப்ராக்டருக்கும் அவளுக்கும் தொடர்பு இருந்ததாக எந்த ஆவணமும் சொல்லவில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. நிலத்தகராறு, பழைய பகை, எல்லைச் சண்டைக்குப் பயந்த ஊர் என்று எத்தனையோ காரணங்கள் இருந்தன. கதையாக வரும்போது பாரம் அத்தனையும் காதலில் தோற்ற ஒரு பெண்ணின் தலையில் விழுந்துவிடுகிறது. படத்தில் வினோனா ரைடர் நன்றாக நடித்திருப்பதால் அது இன்னும் அழுத்தமாக விழுகிறது.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களை விட்டுவிட்டு, இல்லை என்றவர்களைத் தூக்கில் போட்டார்களா? எனக்குப் புரியவே இல்லை.

முதலில் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒப்புக்கொண்டவர் மனம் திருந்தியவர். அவருக்கு வேறு யார் யார் சூனியக்காரர்கள் என்று தெரிந்திருக்கும், அந்தப் பெயர்கள் நீதிமன்றத்துக்குத் தேவை. அதனால் அவரை உயிரோடு வைத்திருப்பார்கள். இல்லை என்று சாதிப்பவர் சாத்தான் பக்கம் நிற்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். பாதிரியார் வீட்டில் அடிமையாக இருந்த டிடுபா முதலில் ஒப்புக்கொண்டாள், பிழைத்தாள். ஊரே பெரியவளாக மதித்த, எழுபது வயதான ரெபேக்கா நர்ஸ் பொய் சொல்ல மறுத்தாள். ஜூரி முதலில் அவளைக் குற்றமற்றவள் என்றது. அப்புறம் மறுபடி யோசிக்கச் சொல்லி அனுப்பினார்கள், தீர்ப்பு மாறியது. அவளைத் தூக்கிலிட்டார்கள்.

இதோடு ஆவிச் சாட்சியம் வேறு. "உன் உருவம் ராத்திரி வந்து என் கழுத்தை நெரித்தது" என்று ஒருத்தி சொன்னால் போதும். நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பு வீட்டில் இருந்தது, ஆவி வெளியே போனது என்பார்கள். இதற்கு எந்த வக்கீல் பதில் சொல்ல முடியும்?

படத்தில் உங்களுக்குப் பிடித்த காட்சி?

எலிசபெத்தை நீதிமன்றத்துக்கு அழைத்து வரும் காட்சி. அபிகேய்லின் வேஷத்தைக் கலைக்க, அவளோடு தனக்கு இருந்த உறவை ப்ராக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். என் மனைவிக்கும் தெரியும், அவள் வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை என்கிறார். நீதிபதி டான்ஃபோர்த் இருவரையும் முதுகைக் காட்டி நிற்கச் சொல்லிவிட்டு எலிசபெத்தைக் கேட்கிறார்: அந்தப் பெண்ணை ஏன் வேலையைவிட்டு அனுப்பினாய்? உன் கணவன் தவறு செய்தவனா?

எலிசபெத்தாக நடித்த ஜோன் ஆலன் முகத்தைப் பாருங்கள். கணவனின் முதுகைப் பார்க்கிறாள். அதில் விடை எதுவும் இல்லை. மறுபடி பார்க்கிறாள். என்னைப் பார்த்துச் சொல் என்கிறார் டான்ஃபோர்த். கடைசியில் "இல்லை ஐயா" என்கிறாள். அவர் மானத்தைக் காப்பாற்ற அவள் சொன்ன ஒரே பொய் அவர் உயிருக்கே உலையாகிவிடுகிறது. நான் ஒப்புக்கொண்டுவிட்டேனே எலிசபெத் என்று அவர் கத்தும்போதுதான் அவளுக்கு விளங்குகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசையும். ஜோன் ஆலன் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. டான்ஃபோர்த்தாக வந்த பால் ஸ்கோஃபீல்டுக்கு பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டா கிடைத்தது. குரலை உயர்த்தாமலே பயமுறுத்துவார்.

கம்யூனிஸ்ட் வேட்டையைத்தான் மில்லர் இப்படி எழுதினார் என்கிறார்களே, சரியா?

சரிதான். நாடகம் 1953 ஜனவரியில் பிராட்வேயில் அரங்கேறியது. அதற்கு முந்தைய வருடம் மில்லரின் நண்பரும் அவருடைய நாடகங்களை இயக்கியவருமான எலியா கசான், அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரித்த நாடாளுமன்றக் குழு முன் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் மில்லர் சேலம் போய் நீதிமன்றப் பதிவுகளைப் படித்தார்.

என்னை உலுக்குவது அதற்குப் பிறகு நடந்ததுதான். நாடகத்தில் ப்ராக்டர், என் பாவத்தை நான் சொல்வேன், இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறார். 1956-ல் அதே குழு மில்லரையே அழைத்தது. என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், இன்னொருவர் பெயரைச் சொல்லி அவருக்குத் துன்பம் வரவைக்க மாட்டேன் என்றார் அவர். தான் எழுதிய வசனத்தின்படி மூன்று வருடம் கழித்துத் தானே நடந்துகாட்டினார். பெயர் சொல்ல மறுத்ததற்காக 1957-ல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, அடுத்த வருடம் மேல்முறையீட்டில் ரத்தானது.

இதற்கு முன்னால் படமாக வந்திருக்கிறதா?

1957-ல் பிரெஞ்சு மொழியில் வந்தது. ஜான் பால் சார்த்ர் எழுதி, சிமோன் சிக்னோரேவும் ஈவ் மோன்டானும் நடித்தார்கள். சார்த்ர் அதை வர்க்கப் போராட்டமாக்கிவிட்டார் என்று மில்லருக்கு அதிருப்தி. சிக்னோரேவுக்காகப் பார்க்கலாம்.

கடைசிக் காட்சி நாடகத்தில் இல்லையாமே?

இல்லை. ப்ராக்டர் உயிருக்கு ஆசைப்பட்டு ஒப்புதலில் கையெழுத்துப் போடுகிறார். அதைச் சர்ச் கதவில் ஒட்டப்போகிறார்கள் என்றதும் பிடுங்கிக்கொள்கிறார். என் ஆன்மாவைக் கொடுத்துவிட்டேன், என் பெயரையாவது விட்டுவிடுங்கள் என்று கதறும்போது டேனியல் டே-லூயிஸ் குரல் உடைந்துபோகிறது. காகிதத்தைக் கிழிக்கிறார். நாடகத்தில் எலிசபெத் ஜன்னலோரம் நிற்க, வெளியே முரசு அதிர முடியும். படம் நம்மைத் தூக்குமேடைக்கே கூட்டிப்போகிறது. ப்ராக்டர், ரெபேக்கா, கைல்ஸ் கோரியின் மனைவி மார்த்தா கோரி மூவரும் பரமண்டல ஜெபத்தைச் சொல்கிறார்கள். ஜெபம் முடிவதற்குள் கயிறு இழுபடுகிறது.

உண்மையில் இந்த மூவரும் வெவ்வேறு நாளில் இறந்தவர்கள். ஜெபமும் வேறொருவருடையது. சூனியக்காரர்களால் அதைப் பிழையில்லாமல் சொல்ல முடியாது என்று அந்த ஊர் நம்பியது. ப்ராக்டரோடு அதே நாளில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் பரோஸ் என்ற பாதிரியார் கழுத்தில் கயிறோடு ஒரு பிழை இல்லாமல் சொன்னார். கூட்டம் கலங்கியது. ஆனாலும் தூக்கிலிட்டார்கள். தொடக்கத்தில் அவசரப்பட்ட படம் இங்கே சேர்த்ததில் ஒரு வார்த்தைகூட வீணில்லை.

இவர்கள் நிரபராதிகள் என்று அரசு எப்போதாவது ஒப்புக்கொண்டதா?

கொஞ்சம் கொஞ்சமாக. நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல் 1697-ல் சர்ச்சில் எழுந்து நிற்க, அவர் எழுதிக்கொடுத்த மன்னிப்பைப் பாதிரியார் வாசித்தார். சிறுமியாகப் பலரைக் காட்டிக்கொடுத்த ஆன் பட்னம் 1706-ல் மன்னிப்புக் கேட்டாள். 1711-ல் பலருடைய தண்டனையை ரத்து செய்து, குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். சில பெயர்கள் விடுபட்டுப்போயின. கடைசியாக மிஞ்சியவள் எலிசபெத் ஜான்சன். தண்டனை பெற்றும் தூக்கிலிருந்து தப்பியவள், பிள்ளைகள் இல்லாததால் அவளுக்காகக் கேட்க வம்சமும் இல்லை. நார்த் ஆண்டோவர் என்ற ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் டீச்சரும் விடாமல் கேட்டதில், 2022-ல் அவள் பெயரையும் மீட்டுக் கொடுத்தார்கள்.