கோத்தகிரியும் கிப்யெகானும்

கேள்வி: கென்ய ஓட்டப்பந்தய வீராங்கனை ஃபெய்த் கிப்யெகான் பிறந்தது தேயிலை விளையும் மலைப்பகுதி. எங்கள் கோத்தகிரியும் அப்படித்தான். அங்கே உலக சாதனை, இங்கே மாவட்டப் போட்டியோடு சரி. நம் பெண்களுக்கு மூச்சு இருக்கிறது, முனைப்புதான் இல்லை. கல்யாணம் ஆனால் உள்ளதும் போச்சு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் 800 மீட்டர் ஓடுகிறாள். மலையிலேயே வைத்துத் தயார் செய்யலாம் என்றிருக்கிறோம். என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: முதலில் உயரத்தைப் பேசி முடித்துவிடுவோம். ஊட்டியும் மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய ஒரே உயரம், 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் அங்கேதான் நடந்தது. பெண்கள் 800 மீட்டரில் தங்கம் வென்ற மேட்லின் மேனிங், அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்காரர். ஏரிக்கரை ஊர், மலை கிலை எதுவும் கிடையாது. நம் பக்கம் பார்த்தாலும் அதே கதைதான். இந்தியாவுக்காக 800 மீட்டர் ஓடியவர்களில் ஷைனி வில்சன் கேரளத்தின் தொடுபுழா, டின்டு லூக்கா கண்ணூர் மாவட்டம். 2006 தோஹா ஆசியப் போட்டியில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜன் புதுக்கோட்டைக்காரர். பாலினச் சோதனை என்று சொல்லி அவர் பதக்கத்தைப் பறித்தார்களே, முனைப்பு இல்லாமலா அது அவர் கைக்கு வந்தது?

அடுத்து கல்யாணம். ஷைனிக்குக் கல்யாணம் 1988இல். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியைப் பிடித்து நடந்தார். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில் 1:59.85 ஓடினார். 800 மீட்டரை இந்தியப் பெண் ஒருவர் 2 நிமிடத்துக்குள் ஓடியது அதுதான் முதல் தடவை. நீங்கள் எடுத்துக்காட்டிய கிப்யெகான் 2018 ஜூனில் குழந்தை பெற்றார். அடுத்த ஆண்டு உலகப் போட்டியில் 1,500 மீட்டர் வெள்ளி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தங்கம். 2025இல் அவர் ஓடிய 3:48.68 உலக சாதனை, மகளுக்கு ஏழு வயதானபோது வந்தது.

அவருடைய வாழ்க்கையில் நீங்கள் பார்க்காமல் விட்ட பக்கம் ஒன்று உண்டு. 2011இல், 17 வயதில், வெறுங்காலோடு ஓடி ஜூனியர் உலக கிராஸ் கன்ட்ரி (காடு மேடு வழியே ஓடும் பந்தயம்) பட்டத்தை வென்றார். அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியே. 2013 உலகப் போட்டியில் ஐந்தாம் இடம், 2015இல் வெள்ளி, 2016இல்தான் ஒலிம்பிக் தங்கம். அந்த நான்கு வருடமும் அவருக்குப் பயிற்சி இருந்தது, உலகத் தரத்தில் போட்டிகள் இருந்தன. லண்டனில் தோற்ற 18 வயதுப் பெண்ணை, ஓடியது போதும் என்று யாரும் மூட்டை கட்டி அனுப்பவில்லை.

இங்கே? காலை ஐந்தரைக்குச் சாலையில் ஓடச் சொல்கிறோம். முன்னால் பனிமூட்டம், வளைவில் காட்டெருமை, தேயிலைக்குள் கரடி. 400 மீட்டர் தடம் போடும் அளவுக்குச் சமதளம் மலையில் லேசில் கிடைக்காது. (ஊட்டியில் பெரிதாக ஒன்று கிடைத்தபோது வெள்ளைக்காரன் அதில் குதிரை ஓட்டினான்.) பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடும் கணக்குக்குப் போய்விடும். இத்தனையையும் தாண்டி ஒரு பெண் மாவட்டம் வரை ஓடி வருகிறாள். அவளிடம் போய் முனைப்பு இல்லை என்கிறீர்கள்.

சரி, அண்ணன் மகள் விஷயம். உயரத்தில் மூன்று நான்கு வாரம் தங்கினால் ரத்தத்தில் சிவப்பணு கூடும் என்பது உண்மை. ஆனால் 800 மீட்டருக்கு வேகம் வேண்டும். காற்று மெலிந்த இடத்தில் பந்தய வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட முடியாது. அதனால்தான் பயிற்சியாளர்கள் ‘மேலே தங்கு, கீழே ஓடு’ என்கிறார்கள். மலையிலேயே வைத்திருந்தால் இதில் பாதிதான் கிடைக்கும். அதைவிட, ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு இப்போது தேவை, தன்னைத் தோற்கடிக்கக்கூடிய நாலு பேரோடு தினமும் ஓடுவது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கிறது. அவளுக்கு விருப்பமா என்று முதலில் கேளுங்கள், உங்கள் கடிதத்தில் அதைக் காணோம். விருப்பம் என்றால் விண்ணப்பியுங்கள். இடம் கிடைக்கும் வரை வாரம் இரண்டு நாளாவது மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிக் கொண்டுபோய் ஓடவிடுங்கள். பஸ் செலவு சித்தப்பா பொறுப்பு.