மலைச் சுற்றுலாத் தலத்தில் இயற்கையைத் தழுவிய புத்தகக் கடை மண்டபத்தை வடிவமைப்பது எப்படி?

கட்டடக்கலை வகுப்பில், மலைச் சுற்றுலாத் தலம் ஒன்றுக்கான சிறிய புத்தகக் கடை மண்டபத்தை வடிவமைக்கும் பணி கிடைத்திருக்கிறது என்றும், அது இயற்கையிலிருந்து பிறந்ததாகத் தோன்ற வேண்டும் என்றும், இலை, சிப்பி, பறவைக் கூடு ஆகிய மூன்றில் எந்த உருவத்தை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கட்டடக் கலைஞன். மலைச்சரிவில் இதே போன்றதொரு கட்டடத்தை ஒருமுறை வரைந்து, கட்டி முடித்து, அதில் தவறும் செய்திருக்கிறேன். என் தவறு இலையில்தான் தொடங்கியது என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூரையை விரிந்த இலையைப் போல அமைத்தேன். இரு பக்கமும் உயர்ந்து, நடுநரம்பு இருக்க வேண்டிய இடத்தில் தாழ்ந்து, மழைநீர் முழுவதும் அந்தப் பள்ளத்தின் வழியே ஓடி முனையில் சிற்றருவியாக விழும் என்பது என் கற்பனை. வரைபடத்தில் அது அழகாக இருந்தது. திறப்பு விழாப் புகைப்படங்களிலும் அழகாகவே இருந்தது. இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில், சுற்றி நின்ற மரங்கள் உதிர்த்த உண்மையான இலைகள் நான் செய்த பொய்யிலையின் நரம்பை அடைத்துக்கொண்டன. தேங்கிய நீர் தகடுகளின் மடிப்புக்குள் ஏறி, கடையின் நடுவில் நின்ற புத்தக அடுக்கின்மேல் இரவு முழுவதும் சொட்டியிருக்கிறது. நனைந்த தாள் இரண்டு மூன்று நாள்களுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். மலையின் மழைக்காலத்தில் அதை உலர்த்த வெயில் எங்கே கிடைக்கும்? பாதிப் புத்தகங்களைத் தூக்கி எறிய நேர்ந்தது.

பிறகு நிதானமாக யோசித்தபோது, நான் இலையைப் பார்த்தேனே தவிர அதைப் படிக்கவில்லை என்பது புரிந்தது. மழைக்காடுகளில் வளரும் மரங்கள் பலவற்றின் இலைகள் நுனியில் வால் போல நீண்டு குறுகியிருக்கும். மேலே விழுந்த நீரை விரைவாக வடித்துவிடுவதற்கு அது உதவுகிறது. அந்த நுனியிலிருந்து நான் கற்றிருக்க வேண்டியது, கூரையின் நீர் எந்த இடத்திலும் கூடித் தேங்காமல் ஒரே சரிவில் வெளியேற வேண்டும் என்பதையும், விளிம்பின் அடிப்பக்கத்தில் விரலகலப் பள்ளம் ஒன்று இருந்தால்தான் துளி உள்நோக்கி ஊர்ந்து வராமல் அங்கேயே அறுந்து கீழே விழும் என்பதையும்தான். அப்படிக் கற்றிருந்தால் என் கூரை பார்ப்பதற்கு இலையைப் போல இருந்திருக்காது. இலை செய்யும் வேலையைச் செய்திருக்கும்.

ஆகவே உங்கள் மூன்று உருவங்களையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, இந்தக் கட்டடத்துக்கே உரிய சிக்கலிலிருந்து தொடங்கும்படி சொல்வேன். சுற்றுலாப் பயணி மலைக்கு வருவதே மூடுபனிக்காகவும் ஈரக் காற்றுக்காகவும்தான். புத்தகத்துக்கோ அவை இரண்டும் ஆகாதவை. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 65 அல்லது 70 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் தாளில் பூஞ்சை வளர வழி பிறந்துவிடுகிறது. மழைக்கால மலையில் நாள்கணக்கில் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்பது அரிதன்று. ஓலைச் சுவடிகளைக் கரையானுக்கும் ஈரத்துக்கும் பறிகொடுத்த மொழிக்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மனிதருக்கு ஒரு வானிலையும் புத்தகத்துக்கு வேறொரு வானிலையும் தேவைப்படும் கட்டடம் இது. இந்த இரண்டையும் ஒரே கூரையின்கீழ் எப்படிப் பிரித்து வைக்கப்போகிறீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் விடையே உங்கள் வடிவமாக அமையும்.

இயற்கையோடு இயைந்த கட்டடம் என்றதும் அனைவரும் காட்டுகிற எடுத்துக்காட்டு, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1935இல் வடிவமைத்த அருவி வீடு. பாறையின்மேல், ஓடும் நீருக்கு மேலே நீண்டு நிற்கும் அந்த மேடைகளின் அழகைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் உரிமையாளரான கௌஃப்மன், ஒழுகும் இடங்களில் வைக்க வேண்டிய வாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அவ்வீட்டைக் கேலி செய்ததாகவும், பூஞ்சை எழும் வீடு என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்ததாகவும் சொல்வார்கள். தொங்கும் மேடைகள் தாழ்ந்துபோனதால் 2002இல் எஃகு வடங்களை இழுத்துக் கட்டி அவற்றைக் காப்பாற்ற நேர்ந்தது. வசிப்பவர்கள் வாளி வைத்துச் சமாளிக்கலாம். புத்தகங்கள் எழுந்து நகர்ந்து உட்காருவதில்லை.

நான் மறுபடியும் இதைக் கட்டுவதாக இருந்தால், உலர்ந்த பெட்டி ஒன்றும் அதைச் சூழ்ந்த திறந்த தாழ்வாரமுமாக இரண்டு பகுதிகளாகப் பிரித்துக் கட்டுவேன். பெட்டி சிறியது, நன்றாக மூடக்கூடியது, சுவரிலும் கூரையிலும் தரையிலும் வெப்பக்காப்பு உள்ளது, ஈரத்தை இழுக்கும் கருவி அதற்கு மட்டும் போதும். விற்பனைக்கான இருப்பு முழுவதும் அதற்குள் இருக்கும். தாழ்வாரம் பெரியது, காற்றும் பனியும் தாராளமாக வந்துபோகும் இடம், உட்கார்ந்து படிக்கத் திண்ணைகளும், அன்றைக்கு வெளியே எடுத்து வைத்து மாலையில் உள்ளே கொண்டுபோகும் சில பத்துப் புத்தகங்களும் மட்டுமே அங்கே இருக்கும். இது நூலகம் இல்லை, கடை என்பது நமக்குச் சாதகமானது. நூலகத்தில் ஒரு பிரதி பல பத்தாண்டுகள் தாங்க வேண்டும். கடையில் அது விற்றுப்போகும் வரை தாங்கினால் போதும். எனவே காட்சிக்கு வைக்கும் எண்ணிக்கையைக் குறைத்து அட்டை முகம் தெரியும்படி அடுக்கினால், பெட்டியையும் சிறியதாக்கிவிடலாம்.

பெட்டியின் கதவும் கண்ணாடியும் பற்றி ஒரு கணக்கு. 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று, ஏறத்தாழ 14 பாகைக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டவுடன் அதிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாக மாறிவிடும். மலையில் மாலையானால் ஒற்றைக் கண்ணாடி எளிதாக அந்தக் குளிருக்கு இறங்கிவிடுகிறது. உள்ளே இருபது பேர் சும்மா உட்கார்ந்திருந்தாலே அவர்களுடைய மூச்சும் வியர்வையும் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கு நீராவியைக் காற்றில் சேர்க்கின்றன. நனைந்த மேலங்கிகளும் குடைகளும் தனிக் கணக்கு. ஆகையால் இரட்டைக் கண்ணாடி, நுழைவாயிலில் இரு கதவுகளுக்கு நடுவே சிறு இடைவெளி அறை, குடையும் பையும் வைக்க வெளியிலேயே இடம் ஆகியவற்றை அலங்காரச் செலவாக நினைத்து யாராவது வெட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது சரிவுக்கு வருகிறேன். புத்தகம் எவ்வளவு கனமானது என்பதை மாணவர்கள் மட்டுமின்றி அனுபவசாலிகளும் மறந்துவிடுவதுண்டு. நெருக்கமான நூலக அடுக்குகளைத் தாங்கும் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ சுமைக்குக் கணக்கிடுவது வழக்கம். வீட்டுத் தளத்துக்கு 200 கிலோ போதும். இந்தச் சுமையைப் பள்ளத்தாக்கின் பக்கம், உயரமான தூண்களின் நுனியில் கொண்டுபோய் வைத்தால் அடித்தளச் செலவு ஏறிவிடும். மலைப்பக்கத்தில் தூண்கள் குட்டையானவை, பாறையும் அருகில் கிடைக்கும். எனவே கனம் முழுவதையும் பின்னால் வைப்பதுதான் பொறியியல் சொல்லும் வழி. ஆனால் சரிவின் ஊற்றுநீர் கசிந்து வருவதும் அந்தப் பின்பக்கத்தில்தான். நான் பின்சுவரையே மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவராகவும் பயன்படுத்திப் பணத்தை மிச்சப்படுத்தினேன்; அந்தச் சுவர் கடைசி வரை வியர்த்துக்கொண்டே இருந்தது. தடுப்புச் சுவர் தனியாக நிற்க வேண்டும். அதற்கும் பெட்டிக்கும் இடையே ஓர் ஆள் நுழைந்து சருகுகளை வாரி வெளியேற்றும் அகலத்தில் திறந்த சந்தும், அதன் அடியில் வடிகாலும் வேண்டும். கட்டடத்தையும் சம உயரக் கோட்டை (சரிவில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோட்டை) ஒட்டி நீளவாக்கில் அமைத்தால் சரிவை வெட்டும் அளவு குறையும். மழைநீர் ஏற்கெனவே ஓடிப் பழகிய தாரைகளை மறிக்காமல் தூண்களுக்கு அடியிலேயே விட்டுவிடலாம்.

இப்படி அமைத்தால் வாசிக்கும் இடமும் தானாகவே சரியாகிவிடுவதைக் கவனியுங்கள். புத்தகங்கள் பின்னால் இருட்டில், மலையின் அருகே. வாசகர்கள் முன்னால் வெளிச்சத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. கட்டடக் கலைஞர் லூயி கான் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எக்ஸிட்டர் பள்ளிக்குக் கட்டிக் கொடுத்த நூலகத்தில் இதே தருக்கம்தான் இருக்கிறது: கனமான கான்கிரீட் வளையத்தில் புத்தகங்கள், அதற்கு வெளியே செங்கல் வளையத்தில் சன்னலோர மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் உட்கார்ந்திருப்பவரே திறந்து மூடிக்கொள்ளும் சிறு மரக்கதவு. சமதளத்தில் சதுரமாகச் சுற்றிய அதைச் சரிவில் ஒற்றைக் கோடாக நீட்டினால் நம்முடைய மண்டபம் கிடைத்துவிடும். அந்தச் சிறு மரக்கதவை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சுவரும் கண்ணாடியாக இருக்கும் வாசிப்பறையில் யாரும் படிப்பதில்லை என்பதை நான் பல மாலைகள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காட்சி அவ்வளவு பெரியதாக இருக்கும்போது பக்கம் எப்படிப் புரளும்? உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் அமைந்த தாழ்வான சன்னல் ஒன்றும், நின்று பார்ப்பவருக்காகத் தனியே திறந்த மூலை ஒன்றும் இருந்தால் இரு தரப்பினருக்கும் நிறைவாக இருக்கும். உயரம் 1000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரும் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது என்பதால், நேர் வெயில் படும் இடத்தில் நிற்கும் நூல்களின் முதுகுகள் ஒரே பருவத்தில் வெளுத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டும் முறையைப் பொறுத்தவரை, பாரந்தூக்கி வர முடியாத இடம் என்று எடுத்துக்கொண்டே வரையுங்கள். ஃபே ஜோன்ஸ் வடிவமைத்து 1980இல் அமெரிக்காவின் ஓசார்க் மலைக்காட்டில் எழுந்த தார்ன்கிரௌன் தேவாலயத்தில், இரண்டு பேர் தோளில் சுமந்து காட்டுக்குள் கொண்டுவர முடியாத மரத்துண்டு எதையும் பயன்படுத்துவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டால்தான் மெல்லிய மரங்கள் மேலே குறுக்கும் மறுக்குமாகப் பின்னிக் கிளைகளைப் போலத் தோன்றுகின்றன. சுற்றியிருந்த மரங்களையும் வெட்டாமல் காப்பாற்ற முடிந்தது. மரத்தைப் போலச் செய்ய வேண்டும் என்று தொடங்கியிருந்தால் இரும்புக் குழாயில் கிளை வளைத்திருப்பார்கள். சிப்பி வகையில்தான் உங்களுக்கு விருப்பம் என்றால், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தினர் 2011இல் கட்டிய ஆய்வு மண்டபத்தைத் தேடிப் பாருங்கள். கடல் முள்ளெலி இனத்தைச் சேர்ந்த உயிரியின் ஓட்டில் தகடுகள் எப்படிப் பல்லோடு பல் கோத்து நிற்கின்றன என்பதை ஆராய்ந்து, வெறும் 6.5 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் அதைச் செய்து காட்டினார்கள். அது சில மாதங்கள் நிற்கும் மண்டபம் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். மழை மலையில் அந்த இணைப்புகளின்மேல் தனிக் கூரை வேண்டும்.

பறவைக் கூட்டுக்கு நான் காட்டக்கூடிய நல்ல எடுத்துக்காட்டு, சீனக் கட்டடக் கலைஞர் லீ சியாவ்தொங் 2011இல் பெய்ஜிங் அருகே மலைச் சிற்றூர் ஒன்றில் கட்டிய லீயுவான் நூலகம். 175 சதுர மீட்டர்தான். எஃகுச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட எளிய நீள்பெட்டி. அதன் வெளிப்புறம் முழுவதும் அந்த ஊரார் அடுப்புக்காகச் சேர்த்து வைக்கும் சுள்ளிகளையே நெருக்கமாக நிறுத்தியிருக்கிறார். சுள்ளி வழியே சலித்து வரும் வெளிச்சம் உள்ளே படிகளாக அமைந்த மரத் தளங்களின்மேல் விழுகிறது. நீரைத் தடுப்பது கண்ணாடி, வெயிலைத் தடுப்பது சுள்ளி என்று வேலை பிரிந்திருப்பதால், சுள்ளி மக்கினால் மாற்றிவிடலாம், கட்டடம் கெடாது. கூட்டையும் பறவை இப்படித்தான் பழுது பார்க்கிறது. மூங்கில் அல்லது மரத் தோல் போடுவதானால் அதே போலக் கழற்றி மாற்றக்கூடியதாகப் போடுங்கள். போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலில் ஊறவைத்து, மண்ணிலிருந்து முழங்காலளவு உயர்த்தி நிறுத்துங்கள். காட்டுத் தீ வரக்கூடிய இடமானால் சுள்ளி யோசனையை முழுவதுமாகக் கைவிட்டுக் கல்லுக்குப் போய்விடுங்கள்.

பெரிய கண்ணாடிப் பரப்பில் வானமும் மரமும் பிரதிபலிப்பதால் பறவைகள் மோதி இறக்கின்றன. ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் பதித்த கண்ணாடி அதைப் பெரிதும் குறைக்கிறது. இரவு விளக்கு மஞ்சள் நிறத்தில், கீழ்நோக்கி, மூடும் நேரத்தில் அணைவதாக இருக்கட்டும்.

கடைசியாக, பயணிகள் வராத மாதங்கள். பெரும்பாலான மலைகளில் கடை பூட்டிக் கிடக்கும் காலமும் மழை உச்சத்தில் இருக்கும் காலமும் ஒன்றே. மின்சாரமும் அப்போதுதான் நாள்கணக்கில் போகும். பெட்டியின் வெப்பக்காப்பும் கதவு விளிம்பின் இறுக்கமும் கருவியின் துணையின்றி எத்தனை நாள் தாங்கும் என்று பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாதிரியைச் செய்து முடித்ததும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன், கிழித்த காகிதத் துண்டுகளை அதன் கூரையில் தூவி, ஒரு குவளை நீரை மேலிருந்து மெதுவாக ஊற்றிப் பாருங்கள். என் இலைக்கூரைக்கு நான் அதைச் செய்து பார்க்கவில்லை.