மருந்துக்குச் சாகாத புழு

பெங்களூரு ஹெப்பாளில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் பல வருடம் புழு வளர்த்தவன் நான். இங்கே வேலை, ஊரில் பருத்தி என்று இருக்கும் நம்மவர்கள் கேட்டதற்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணா, பெரம்பலூரில் அப்பா மூன்று தடவை மருந்து அடித்தும் பச்சைக் காய்ப்புழு சாகவில்லை. எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, தம்பி. புழு பெருத்த பிறகு அடித்தாலும், அடித்த கையோடு மழை பெய்தாலும் இதே கதைதான். முதலில் அதை விசாரியுங்கள்.

கேள்வி: அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

வயல் புழுவைக் கொண்டுவந்து ஒரு தலைமுறை வளர்த்து, அதன் வாரிசுகளைச் சோதிப்போம். பருத்தி இலையை மருந்துக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்திப் புழுவுக்குக் கொடுப்போம். ஐந்தாறு அடர்த்தி, ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர். ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு புழுவுக்கும் தட்டில் தனித்தனிக் குழி. மூன்றாம் நாள் மெல்லிய தூரிகையால் தொடுவோம். அசையாவிட்டால் செத்த கணக்கு. சில புழு சுருண்டு கிடக்கும், கால் மட்டும் நடுங்கும். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை முன்பே முடிவு செய்து, எல்லா வருடமும் அப்படியே எழுத வேண்டும். தண்ணீர் வரிசையிலேயே நூற்றுக்கு 20க்கு மேல் செத்தால் அந்தச் சோதனை செல்லாது.

பாதிப் புழுவைக் கொல்லும் அளவுதான் முக்கியம். மருந்தே படாமல் கூடத்தில் வளர்ந்த புழுவுக்கு அது 2 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 2 பங்கு மருந்து), உங்கள் வயல் புழுவுக்கு 40 என்று வையுங்கள். 20 மடங்கு எதிர்ப்பு. அதே ஊரில் வருடா வருடம் பார்த்தால்தான் ஏறுகிறதா என்று தெரியும்.

கேள்வி: பிடி பருத்திதானே சார் போட்டோம், காய்க்குள் இளஞ்சிவப்புப் புழு எப்படி?

புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு சேர்த்ததுதான் பிடி பருத்தி. இந்தியாவுக்கு அது 2002இல் வந்தது, இரண்டு மரபணு ரகம் 2006இல். முதல் மரபணுவுக்கு இந்தப் புழு சாகவில்லை என்று 2010இல் குஜராத்திலிருந்து செய்தி வந்தது. பிறகு இரண்டாவதையும் தாண்டிவிட்டது. காய்க்குள் இருக்கும் புழுவுக்கு இலை முக்கும் சோதனை உதவாது. நச்சைச் செயற்கை உணவில் கலந்துதான் கொடுப்போம். நீங்கள் வாரம் ஒருமுறை ஏக்கருக்கு 20 பச்சைக் காய் பறித்துப் பிளந்து பாருங்கள். இரண்டில் புழு இருந்தால் மருந்தடிக்கும் நேரம் வந்துவிட்டது.

கேள்வி: வெள்ளை ஈக்கு மருந்தை மாற்றி மாற்றித்தானே அடிக்கிறோம்?

மாறுவது பெயர்தான், அக்கா. இமிடாகுளோப்ரிட், அசிட்டாமிப்ரிட், தயாமீதாக்சம் மூன்றும் ஒரே குடும்பம், பூச்சியைக் கொல்லும் வழியும் ஒன்றே. அதனால் இவற்றுக்குள் மாற்றுவது மாற்றமே இல்லை. டப்பாவில் சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், குடும்பம் எது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.